ஒற்றைக் கையால் திறக்கும் மூடி

அந்தக் குடியிருப்பில் அவருக்கு லிப்ட்காரர் என்று பெயர். முப்பத்தொரு வருடம் உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்த்தவர். லிப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்துகிறவர் அல்ல. லிப்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டும், அது வந்து இறங்கும் குழிக்குள் குனிந்துகொண்டும் வேலை பார்த்தவர். காலையில் அந்த இருட்டுக்குள் போனால் வெளியே மழையா வெயிலா என்று சாயங்காலம்தான் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், சன்னல் வழியே வெயில் விழுந்தால் யாரோ வேண்டியவர் வந்துவிட்டதுபோல நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்.

மனிதர் தங்கமானவர், கொஞ்சம் நிதானம் அதிகம். ஒரு திருகாணியை முடுக்கினால் மூன்று தடவை சரிபார்க்காமல் கையெடுக்க மாட்டார். லிப்டுக்கு அந்தக் குணம் ரொம்பப் பொருந்தும். வீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. "எங்க வீட்ல பல்பு மாத்தணும்னா அன்னைக்கு வேற வேலை வச்சுக்க முடியாது" என்று அவர் மனைவி வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வாள். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மெஷினக்கா. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். சின்ன வயதில் துணி ஆலையில் தைக்கப் போனாள். அங்கே மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் தன் சௌகரியத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பான். காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய், ஒருநாள் இவளே அடித்தட்டைத் திறந்து கையை விட்டாள். அன்று விட்ட கையை இன்னும் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொந்தத் தொழில். ஒரு பழைய கார், அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தடி நீளம், மூன்றரையடி அகலம், முழங்கால் உயரத் தகரச் சுவர் நாலு பக்கமும். மேலே வெறும் வானம். கெட்டுப்போன மெஷின்கள் அதில் ஏறி இவள் பட்டறைக்கு வரும், சரியானதும் அதிலேயே ஏறிப் போகும். மேலே தார்ப்பாய் போட்டு, எட்டு இடத்தில் கயிறு கட்டுவாள்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் கடைப் படியில் மெஷினக்கா கால் தவறி விழுந்தாள். கையில் மெஷின் இருந்தது. மெஷினைக் கீழே விடாமல் வலது தோளைக் கொடுத்து விழுந்தாள். மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பெருமையடித்தவள் அவள். தோளுக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். ஸ்குரூ டிரைவர் பிடிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம், கார் ஓட்டலாம். ஆனால் வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது என்று அடம்பிடித்தது. மெஷினைத் தூக்கி ஏற்றிவிடக் கடைகளில் ஆள் இருந்தார்கள். தார்ப்பாயை உதறி வீசி, எம்பி இழுத்து, இறுக்கிக் கட்டத்தான் இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கடையில் அவிழ்க்க வேண்டும், அடுத்த கடைக்குப் புறப்படுமுன் கட்ட வேண்டும். ஒருநாளைக்கு ஏழெட்டுத் தடவை அடுத்தவரிடம் போய் நிற்க முடியுமா? ஆகவே லிப்ட்காரர் தார்ப்பாய் கட்டக் கூடப் போக ஆரம்பித்தார்.

அப்படிப் போனது எட்டு மாதம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அந்த எட்டு மாதம்தான் அவர் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவளைப் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. அவள் சிவப்பு விளக்கைத் திட்டுவாள் என்பது தெரியாது. எதிரே வருகிற லாரிக்காரனிடம், அவனுக்குக் கேட்காத தூரத்தில் இருந்துகொண்டு, "வாப்பா, வா, ரோடு உங்க அப்பா போட்டதுதான்" என்று வாய்க்கு வாய் பேசுவாள் என்பது தெரியாது. எந்தத் தெருமுனையில் நிழல் இருக்கும், எங்கே நிறுத்தி பிளாஸ்க்கைத் திறக்கலாம் என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தபடி போய்வந்தார். உடைந்த தோளைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் என்று ஆகிவிடுமே என்ற பயத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை மேசையில் ஒரு பாபின் பெட்டியைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, டிரெய்லருக்கு ஒரு மூடி பண்ணித் தர்றீங்களா?"

"மூடியா? தார்ப்பாய் நல்லாத்தானே இருக்கு. நான்தான் கட்டித் தர்றேனே."

"அதுக்குத்தான் கேக்கறேன். நீங்க கட்ட வேண்டாம். கீல் வச்ச மூடி. இடது கை ஒண்ணை வச்சே நான் திறக்கணும், மூடணும்."

"கீல் வச்ச மூடின்னா கனக்குமே."

"முப்பது மாடிக்கு ஊர்ல உள்ளவங்களை எல்லாம் தூக்கி விட்டீங்க. எனக்கு ஒரு மூடியைத் தூக்கி விட மாட்டீங்களா?"

எங்கே தட்டினால் மனிதர் விழுவார் என்று அவளுக்குத் தெரியும். "ஆகட்டும், பாத்துடலாம்" என்று அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார். அகலத்தை எழுதும்போதுதான் உறைத்தது. மூடி வந்துவிட்டால் அவள் தனியாகப் போவாள். பக்கத்து சீட்டில் அவருக்கு வேலை இல்லை. அவருடைய எட்டு மாதத்தை முடித்துவைக்கிற சாமானை அவர் கையாலேயே செய்து தரும்படி கேட்டிருக்கிறாள்.

முடியாது என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. ஆனால் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. இரண்டு வாரத்தில் முடிய வேண்டியது ஐந்து வாரமாகியும் முடியவில்லை. அளந்ததையே நாலு தடவை அளந்தார். அட்டையில் மாதிரி மூடி ஒன்று வெட்டி, அதைச் செருப்புப் பெட்டிமேல் பொருத்தி, சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் வைத்துத் திறந்து மூடினார். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டைக்கு மூன்று கடை ஏறி, மூன்றிலும் குறை கண்டுபிடித்துத் திரும்பினார்.

அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் அவருடைய பழைய சிநேகிதர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ரெண்டு பக்கமும் கேஸ் அடைச்ச தண்டு ஒண்ணொண்ணு மாட்டுனா தானா தூக்கிக்கும். கார் டிக்கியில இருக்கே, அதான். ஒரு நாள் வேலை. ஏன் இப்படி இழுத்தடிக்கிறீங்க?"

"கேஸ் என்னைக்குக் கசியும்னு அதுக்கே தெரியாது. கசியற அன்னைக்கு மூடி அவ தலையில வந்து இறங்கும். எடைக்கட்டி அப்படியா? இரும்பு எங்க எழுந்து ஓடப் போகுது?"

இது சாக்கு இல்லை, அவர் மனசார நம்பியது. லிப்டில் நாம் ஏறி நிற்கிற பெட்டி கம்பிவடத்தின் ஒரு பக்கம் தொங்கும். மறுபக்கம் இரும்புக் கட்டிகள் தொங்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால்தான் அவ்வளவு பேரை ஒரு சின்ன மோட்டார் அனாயாசமாகத் தூக்குகிறது. அதே வித்தையை மூடியில் காட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். டிரெய்லரின் முன்சுவர் மேல் கீல் இருக்கும். மூடி பின்பக்கத்திலிருந்து திறந்து மேலே எழும்பும். கீலைத் தாண்டி முன்னால், காரைப் பார்த்தபடி, மூடியோடு சேர்ந்த இரண்டு இரும்புக் கைகள் நீளும். ஒவ்வொன்றும் இரண்டரையடி. கார்க் கொக்கிக்குப் போகிற கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவற்றின் நுனியில் எடைக்கட்டி. மூடி எழும்பினால் கட்டி இறங்கும். திட்டத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அது காகிதத்திலேயே குடியிருந்ததுதான் குற்றம்.

வெளியூரில் இருந்த மகள் போனில் கேட்டாள். "அம்மாவைத் தனியா அனுப்பாதீங்கப்பா. எங்கேயாவது வண்டி நின்னுட்டா? மறுபடி விழுந்துட்டா? நீங்களே கூடப் போயிட்டு இருங்க. மூடிக்கு என்ன அவசரம்?"

"நானும் அதைத்தாம்மா நினைக்கிறேன்" என்றார். மகளே சொல்லிவிட்டாள் என்பதில் பெரிய தெம்பு வந்துவிட்டது. அன்று ஒரு திருகாணிகூட வாங்கவில்லை.

ஆறாவது வாரம் பள்ளிச் சீருடை தைக்கிற கடைக்குப் போனார்கள். பன்னிரண்டு மெஷின் ஓடுகிற நீள அறை, தரையெல்லாம் நீலத் துணுக்கு. துணியின் ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றார்கள். அவள் குனிந்து, மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் நேராக அவரிடம் வந்தார்.

"சார், இதுக்கு என்ன கோளாறு? எப்போ தருவீங்க?"

சும்மா இருந்திருக்கலாம். எட்டு மாதம் கூடப் போனதில் நாலு வார்த்தை காதில் விழுந்திருந்தது. அதில் ஒன்றை எடுத்துவிட்டார். "பெல்ட் தளர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். வியாழக்கிழமை தந்துடலாம்."

அவள் நிமிர்ந்தாள். "பெல்ட் இல்ல. ஊசி இறங்கற நேரமும் கீழே கொக்கி வர்ற நேரமும் ஒத்துப்போகலை. திங்கட்கிழமைதான் முடியும்."

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. "அப்படியா சார்?" என்று அவரைக் கேட்டார்.

லிப்ட்காரர் தலையை ஆட்டினார். ஆட்டியபிறகுதான் கடைக்காரர் முகத்தில் திருப்தி வந்தது. "சரி, அப்போ திங்கட்கிழமையே தாங்க" என்றார்.

திரும்பி வரும்போது அவள் எந்தச் சிவப்பு விளக்கையும் திட்டவில்லை. ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது, அதற்கும் வாய் திறக்கவில்லை. வழக்கமான நிழலில் வண்டியை நிறுத்தினாள். அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். அவள் கோப்பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தக் கடைக்கு நான் பதினேழு வருஷமாப் போறேன். முதல்ல அங்க மூணு மெஷின்தான் இருந்துச்சு. இன்னைக்கு நான் சொன்னது சரியா தப்பான்னு உங்க தலையைப் பாத்துத் தெரிஞ்சுக்கறார்."

"நான் ஒண்ணும் வேணும்னு…"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. பக்கத்துல நிக்கறீங்க, அவ்வளவுதான். அவங்களுக்கு அதுவே போதும். எட்டு மாசமா எல்லா இடத்துலயும் இதே கதைதான். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

அவர் கவனிக்கவில்லைதான். எல்லோரும் தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று மனசு குளிர்ந்துபோயிருந்தார். அந்த மரியாதை யாருடைய கணக்கிலிருந்து எடுத்துத் தரப்படுகிறது என்று யோசிக்கவில்லை.

"நீங்க கூட வர்றது எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுக்காதீங்க. ரொம்பப் பிடிக்கும். அது வேற" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஆனா இந்த வேலை ஒண்ணுதாங்க எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. மூடி ஏன் இவ்வளவு நாளாகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? கேக்க வேண்டாம்னு இருந்தேன். இன்னைக்கு முடியலை."

லிப்ட்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் ஆசைக்காக அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தோள் எலும்பு உடைந்தது படியில். மீதியை உடைத்துக்கொண்டிருந்தது தானேதான். கோப்பையை மறுபடி நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள்.

"இந்த வாரமே முடிச்சுடறேன்" என்றார்.

அதன்பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சதுரக் குழாயில் சட்டம் வெட்டினார். வெல்டிங்காரரைப் பட்டறையிலிருந்து இழுத்துவந்து பற்றவைக்கச் செய்தார். மேலே அலுமினியத் தகடு. நடுவில் இரண்டு விரல் உயர்த்தி, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தோடும்படி வளைத்து, ஓரமெல்லாம் ரிவெட் அடித்தார். கதவுக்குப் போடுகிற கீல் மூன்று மாதத்தில் ஆடிவிடும் என்று அதைத் தொடவில்லை. முன்சுவர் நெடுக ஒரு குழாய்த் துண்டு சுவருக்கு, ஒரு துண்டு மூடிக்கு என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்து, எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரே நீளக் கம்பியைச் செருகினார். அதுதான் கீல். ரப்பர் பட்டையை, முதலில் குறை சொன்ன அதே முதல் கடையில் வாங்கினார். கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஒற்றைக் கையால் எது எது முடியும் என்பதைத் தன் உடம்பில் அறிந்துகொள்ள, வலது கையை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு இடது கையாலேயே தாழ்ப்பாள்களைப் பூட்டித் திறந்து பார்த்தார். அழுத்தித் திருகுகிற தாழ்ப்பாள் சரிவரவில்லை. பெட்டிக்குப் போடுவதுபோல நெம்பினால் சட்டென்று விடுபடுகிற இரண்டு தாழ்ப்பாள்களைப் பின்பக்கம் பொருத்தினார். டிரெய்லரைக் காரின் கொக்கியில் மாட்டி, ஸ்டியரிங்கை ஒரு கோடி வரை திருப்பிக் குடியிருப்பு முற்றத்தில் அவளை வட்டமடிக்கச் சொன்னார். எடைக்கட்டி வரப்போகிற இடத்துக்கும் காரின் பின்முனைக்கும் நடுவே ஒரு கை அகலம் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை காலை எடைக்கட்டிகளை இரும்புத் தகடு தகடாக அடுக்கி மாட்டினார். வெயில் நன்றாக அடித்தது. வெல்டிங்காரரும் வந்திருந்தார். அவள் பட்டறைக் கதவருகே, கையில் ஒரு துணியோடு நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முதல்ல நான் திறக்கறேன்" என்றார், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில்.

இடது தாழ்ப்பாளை நெம்பினார். வலதையும் நெம்பினார். மூடி அவருக்காகக் காத்திருக்கவில்லை. மடேர் என்று தானே எழும்பி, குனிந்திருந்தவர் நெற்றியைத் தட்டி, கண்ணாடியைப் பறக்கவிட்டு, விறைப்பாக நின்றது. முன்னால் இறங்கிய கட்டிகள், அவற்றை நிறுத்த வைத்த தடுப்பில் மோதிய சத்தத்தில் மூன்றாவது மாடிச் சன்னல் திறந்தது.

முதலில் சிரித்தது வெல்டிங்காரர். அவள் ஓடிவந்து நெற்றியைப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டபிறகு அவளும் சிரித்தாள்.

"எவ்வளவு எடை போட்டீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அவள் படித்தாள். "மூடி பதினாறு கிலோ. சுமை பன்னிரண்டு, அதில் பாதி ஆறு. ஆக இருபத்திரண்டு. அது சரி, சுமைன்னா என்ன சுமை?"

"அது… லிப்டுக்கு எப்பவும் அப்படித்தான். பெட்டி எடையோட, ஏறப்போறவங்க எடையில பாதியைச் சேத்துப் போடணும். அப்பதான் ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் மோட்டாருக்குச் சிரமம் இருக்காது."

"மூடி மேல யாருங்க ஏறப் போறாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். யாரும் ஏறப்போவதில்லை. கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆள் ஏறாத ஒன்றை அவர் வாழ்நாளில் தூக்கியதே இல்லை.

"அண்ணிக்கு மேல மொட்டைமாடி வரைக்கும் போகணுமாம், அண்ணன் பொத்தான் வைக்கத்தான் மறந்துட்டார்" என்றார் வெல்டிங்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் அவள். அவரும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் கை நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தது. தள்ளி நில்லுங்கள் என்று சொல்லாமல், முதல் தடவை நீயே திற என்று அவளை விட்டிருந்தால்? அவள் அவரைவிட ஒரு சாண் குள்ளம். அது அவள் தாடையில் போய் விழுந்திருக்கும்.

"ஒவ்வொரு தகடாக் கழட்டுங்க. எது போதும்னு நான் சொல்றேன்" என்றாள். குறிப்பேட்டை மூடி அவர் பையிலேயே போட்டுவிட்டாள்.

அப்படியே செய்தார்கள். அவர் ஒரு தகடு கழற்றுவார், அவள் இடது கையால் தூக்கிப் பார்ப்பாள். கணக்குப்படி பார்த்தால் மூடியும் கட்டியும் சமமாக இருக்க வேண்டும். அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது மூடி, பாதியில் விட்டால் பாதியில். அவருக்குக் கண் நிறைந்துபோனது. அவளுக்குப் போதவில்லை. "இன்னும் ஒண்ணு எடுங்க. மூடும்போது தானா உக்காரணும், எனக்கு அமுக்க வராது" என்றாள். எடுத்தார். இரண்டு விரலால் தூக்கினாள், எழும்பியது. பாதியில் விட்டாள், மெதுவாக வந்து உட்கார்ந்தது.

இன்னொரு சிக்கல் இருந்தது. முழுக்கத் திறந்தால் மூடி செங்குத்தாக நின்றுகொண்டது, அதன் விளிம்பு எட்டடி உயரத்தில் இருந்தது. இடது கையை நீட்டினாலும் அவளுக்கு எட்டவில்லை. லிப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் தன் உயரத்துக்கே பார்த்திருக்கிறார். அவர் கயிறு தேடுமுன் அவள் பட்டறைக்குள் போய், மிதி மெஷினுக்குப் போடுகிற தோல் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியின் உள்விளிம்பில் ஒரு வளையம், வளையத்தில் அந்த பெல்ட். நீளம் எவ்வளவு என்று அவர் கேட்டார். அவள் திறந்த மூடியின் கீழ் வந்து நின்று, இடது கையைத் தளர்வாக உயர்த்தி, "இங்க" என்றாள். அவர் அந்த இடத்தில் வெட்டினார்.

திங்கட்கிழமை காலை சீருடைக் கடை மெஷினை வெல்டிங்காரர் தூக்கி டிரெய்லரில் வைத்துவிட்டுப் போனார். அவள் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள், மூடி வந்து உட்கார்ந்தது. தாழ்ப்பாள் இரண்டும் டக், டக். பிளாஸ்க்கை எடுத்துப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தாள். அது உருளாமல் இருக்க சீட் பெல்ட்டை அதற்குப் போட்டுவிட்டாள்.

"போயிட்டு வரேங்க."

"ம். திருப்பத்துல பாத்துப் போ."

இத்தனை வருடம் திருப்பத்தில் யார் பார்த்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று அவர் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பட்டறையைப் பெருக்கினார். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். வெல்டிங்காரரிடம் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் தன் வேலை கெடுகிறது என்று பக்குவமாக எழுப்பி அனுப்பினார். மகள் போன் செய்து, "தனியாவா அனுப்பிட்டீங்க?" என்று பதறினாள். "உங்கம்மாவை யாரும்மா அனுப்பறது? அவளே போனா" என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு தனியாக இறங்கவில்லை. வெயில் சன்னலுக்கு வந்தது. நாற்காலியை நகர்த்த மனமில்லாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்.

நாலரை மணிக்குக் கார் வந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கைவைக்கப் பார்த்தவர், தன்னை அடக்கிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே திறந்தாள், பார்த்தாள், மூடினாள். இருவரும் உள்ளே வந்தார்கள். அவர் ஏற்கெனவே மூன்று தடவை சூடுபண்ணிய தேநீரை நாலாவது தடவை சூடுபண்ணிக் கொண்டுவந்தார். எதிரே உட்கார்ந்து, நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளை வரிசையாக ஆரம்பித்தார்.

"கீல் கிரீச்சுன்னுதா? மேடு பள்ளத்துல தாழ்ப்பாள் விட்டுக்கலையே? காத்துக்கு மூடி ஆடுச்சா?"

"மூடிக்கென்ன, அது பாட்டுக்கு அது வேலையைப் பாத்துச்சு" என்றாள். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதை விடுங்க. சீருடைக் கடையில இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? உள்ளே போறேன், அந்த ஆள் என்னைத் தாண்டி வாசலையே பாக்கறார். சார் வரலையான்னு கேட்டார். சாருக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்னேன். மனுஷன் முழிச்ச முழியைப் பாக்கணுமே! அப்புறம் வேற வழியில்லாம என்கிட்டயே கேட்டார், மத்த பதினோரு மெஷினையும் ஒரு தடவை பாத்துடறீங்களாம்மான்னு…"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் களைப்பாக ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் இருவரும் பார்த்தாயிற்று, சொல்ல என்ன இருக்கிறது? இன்று அவள் கண்ணை விரித்துக்கொண்டு, கடைக்காரர் குரலில் பேசிக்காட்டி, நடுவில் எழுந்து நின்று நடித்துக்காட்டினாள். ஒரு இடத்தில் எதையோ விட்டுவிட்டு, "இருங்க, இருங்க, அதுக்கு முன்னாடி லாரிக்காரன் ஒருத்தன்" என்று பின்னால் போனாள்.

"வழியெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வச்சுக்கிட்டே வந்தேங்க, வீட்டுக்குப் போய் உங்ககிட்ட சொல்லணும்னு" என்றாள். "இந்த லாரிக்காரன் சொன்னதை மட்டும் மறந்துடக் கூடாதேன்னு கார்லயே ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன்."

லிப்ட்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.